நெடுஞ்சாலையை விட்டு வீட்டுக்கு: நீண்ட சைக்கிள் பயணத்தின் நடுவே ஊரில் தங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நானும் என் தோழியும் சைக்கிளில் வந்தோம். சாலையின் மொத்த நீளம் 3,700 கி.மீ.க்கு மேல். அக்டோபர் முதல் வாரம் கிளம்பி, கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் திருநெல்வேலி வந்து சேர்ந்தோம். அங்கே நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி, பேட்டை, பத்தமடை வழியாக சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் ஐந்து ராத்திரி தங்கினோம். பயணத்தைப் பற்றிக் கேட்பவர்களில் பாதிப்பேர் காஷ்மீரைப் பற்றிக் கேட்கிறார்கள், மீதிப்பேர் இந்த ஐந்து நாளைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நெல்லையிலிருந்து கன்னியாகுமரி வெறும் 85 கி.மீ. முடித்துவிட்டுத் திரும்பும்போது வீட்டுக்குப் போயிருக்கலாமே?

அப்படி ஒரு தடவை செய்து பார்த்தவள் நான். அதற்கு முந்தைய பயணம் சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக. தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி என்று வந்து கன்னியாகுமரியில் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். லீவில் மிச்சம் ஒன்றரை நாள். போன உடனே படுத்தவள் பதினாலு மணி நேரம் தூங்கினேன். எழுந்து குளித்து, சாப்பிட்டு, நெல்லை எக்ஸ்பிரஸுக்கு ஓடினேன். நான் தூங்கிய நேரம் முழுக்க ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தாளாம். அம்மா போனில் சொன்னபோது நான் சென்னை வந்து சேர்ந்திருந்தேன். ஆச்சியிடம் நாலு வார்த்தை பேசவில்லை.

பயணம் முடிந்தவுடன் மனசு அடுத்த திங்கட்கிழமைக்குப் போய்விடுகிறது. டிக்கெட், ஆபீஸ், துவைக்க வேண்டிய துணி. நடுவில் போனால் அப்படி இல்லை. சொல்வதற்குக் கதை சூடாக இருக்கும், பசி இருக்கும், இன்னும் போக வேண்டிய தூரம் இருப்பதால் வீட்டில் உள்ளவர்களும் அதில் சேர்ந்துகொள்வார்கள். அதனால்தான் இந்த முறை ஒரு பகல் தூரம் பாக்கி இருக்கும்போதே திரும்பினேன். 85 கி.மீ. எங்கேயும் ஓடிப்போகாது.

எத்தனை நாள் தங்கலாம்?

குறைந்தது மூன்று ராத்திரி. முதல் நாள் உடம்புக்கு, தூக்கத்திலேயே போய்விடும். இரண்டாவது நாள் வந்து பார்ப்பவர்களுக்கு. மூன்றாவது நாள்தான் அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்கிற நாள். ஒரு ராத்திரி மட்டும் தங்குவதாக இருந்தால் லாட்ஜில் படுத்துக்கொள்வதே மேல் என்று சொல்வேன். ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏக்கம்தான் மிஞ்சும்.

ஏழு நாளைத் தாண்டினால் வேறு சிக்கல். அதைக் கீழே சொல்கிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நின்று அசத்தலாமா?

வேண்டாம். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாக வேண்டாம். கறுத்து, இளைத்து, தலைமுடி வெளுத்து நிற்கும் உங்களை ஆயத்தமில்லாமல் பார்ப்பது அவர்களுக்கு அதிர்ச்சி. இரண்டு மூன்று நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் திண்டுக்கல்லில் இருந்து பேசினோம்.

வருகிற நாளைச் சொல்லும் அதே போனில் கிளம்புகிற நாளையும் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் கடைசி ராத்திரி அழுகையில்தான் முடியும். "வெள்ளிக்கிழமை வாரோம், புதன்கிழமை விடிய கெளம்புவோம்" என்று சொன்னேன். அம்மா உடனே, "ஒரு நா கூட இருந்துட்டு வியாழக்கிழம போயேம்ட்டி" என்றாள். பின்னாலிருந்து ஆச்சி குரல்: "வியாழக்கிழம தெக்கே சூலம்லா. புதன்கிழமையே போட்டும்." சூலம் பார்க்கும் வழக்கத்தில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து புதன்கிழமை ஆச்சி குறித்துக் கொடுத்த நாளாகிவிட்டது. அதற்கப்புறம் யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் காலண்டர் பார்ப்பவர்கள் யாரோ, நாள் குறிக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.

வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது? பையில் இடமே இல்லையே?

கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. ஆனால் காஷ்மீரிலிருந்து சுமந்து வரவும் வேண்டாம். நெடுஞ்சாலையிலேயே கோவில்பட்டி வருகிறது. அங்கிருந்து திருநெல்வேலி அரை நாள் மிதி. கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள், 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது அதற்கு. உடையாது, வெயிலில் உருகாது, வழியில் பசித்தால் ரெண்டு எடுத்துக் கடித்துக்கொள்ளலாம். நெல்லைக்காரர்களுக்கு அல்வா வாங்கிப் போவதில் அர்த்தமில்லை. அதை அவர்கள் உங்களுக்கு வாங்கித் தருவார்கள்.

"போதும், மிச்சத்துக்கு பஸ்ஸில் போ" என்று வீட்டில் சொன்னால்?

சொல்வார்கள். எங்கள் மாமா வந்த அன்றைக்கே சொன்னார்: "இம்புட்டுத் தூரம் வந்துட்டிய, இனி என்ன? நான் கார்ல கொண்டுபோயி கடல காமிச்சுக் கூட்டியாரேன்." அவர் சொன்னது முழுக்கப் பாசத்தில்தான். இதற்கு வாதம் செய்து பயனில்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் பயணத்தில் ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். மணிக்கணக்கு வாடகை, நோட்டில் பேர் எழுதி எடுத்துப்போகிற காலம். கடையை மூடிப் பல வருஷம் ஆகியும் ஸ்பேனர் பெட்டியை விடவில்லை. எங்கள் இரண்டு சைக்கிளையும் பிரித்து ஓவராயில் செய்யும் வேலையை அவரிடம் விட்டேன். மாமாவிடம் வழி கேட்டேன். நெடுஞ்சாலையில் போகாமல் களக்காடு, திருக்குறுங்குடி வழியாக மலையடிவாரத்திலேயே போனால் பணகுடியில் திரும்பவும் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம் என்று அவர்தான் தாளில் வரைந்து கொடுத்தார். எங்கே டீக்கடை, எங்கே பாலம் வேலை நடக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. வழியைத் தன் கையால் வரைந்தவர் அதற்கப்புறம் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவிடம் போன் பேசும் நேரம் சொல்லிவைத்தோம், காலை ஒன்பது, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஐந்து. அந்த நேரம் தவறாமல் பேசினோம்.

பெண் பிள்ளை சைக்கிளில் ஊர் சுற்றுவதா என்று தெருவில் கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. வேலை எடுத்துக்கொண்ட அப்பாவும் மாமாவும் சொல்லிவிடுவார்கள். எங்கள் அப்பா சொன்னார்.

உபசரிப்பில் வயிறு தாங்குமா?

ஐம்பது நாள் தாபா ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்ட வயிற்றுக்கு முதல் நாளே விருந்து வேண்டாம். எங்கள் பக்கம் விருந்தாளி என்றால் சொதி வைப்பார்கள். தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்து, பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு வைப்பது. ருசிக்குக் குறைவே இல்லை, ஆனால் தேங்காய்ப்பால் மந்தம். அதனால்தான் கூடவே இஞ்சிப் பச்சடி வைக்கிறார்கள். அதைத் தள்ளிவைக்காமல் சாப்பிடுங்கள். எங்களுக்கு முதல் நாள் ரசமும் சுட்ட அப்பளமும்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சொதி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.

உடம்பு தேற உண்மையாக உதவியது ஆச்சி கிண்டிய உளுந்தங்களி. கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்துத் திரித்த மாவு, கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய். பெரியவளான பிள்ளைகளுக்கு இடுப்பு பெலத்துக்குக் கொடுப்பது. "சீட்ல உக்காந்தே வந்த இடுப்பு" என்று சொல்லி இரண்டு பேருக்கும் தினமும் காலையில் ஒரு உருண்டை. களியைக் குழித்து அதில் எண்ணெய் ஊற்றுவாள். எண்ணெய் ஓரத்தில் மினுங்கி நிற்கும்போதே விரலால் தொட்டு எடுக்க வேண்டும், ஆறினால் கட்டியாகிவிடும். உளுந்து புரதம், கருப்பட்டி மாவுச்சத்து, எண்ணெய் கொழுப்பு. நீண்ட மிதிக்குப் பிறகு தசைக்கு வேண்டியது மூன்றும்தான்.

நாங்கள் இருந்த ஞாயிற்றுக்கிழமை திருக்கார்த்திகை. பச்சரிசி மாவும் கருப்பட்டியும் பிசைந்து பனங்குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டை. கோயம்புத்தூர்க்காரியான என் தோழி அதை அதுவரை கண்டதில்லை. ஓலையைப் பிரித்தபோது வந்த வாசனைக்குக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூட வருபவர் சங்கடப்படமாட்டாரா?

முதல் நாள் கொஞ்சம் இருக்கும். அவருக்குத் தனியாகக் கதவடைத்துப் படுக்க ஓர் இடமும், ஒரு நாள் யாரும் தொல்லை செய்யாத பகலும் ஏற்பாடு செய்துவிடுங்கள். தோழி திங்கட்கிழமை தனியாக நெல்லையப்பர் கோயிலுக்கு பஸ்ஸில் போய்வந்தாள். இசைத்தூண்களைப் பார்த்துவிட்டு, சுலோசன முதலியார் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்திருக்கிறாள். 1843இல் திறந்த பாலம் அது. திரும்பி வந்தவளிடம் ஆச்சி, "எம்மா, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டாள். என்னை ஏட்டி, அவளை எம்மா.

கால் பழக்கம் விட்டுப்போகாதா?

ஒரு வாரத்தில் போகாது. அந்த அளவு ஓய்வில் தசையில் சர்க்கரைச் சேமிப்பு நிரம்பும், உரசல் புண் ஆறும், தூக்கக் கடன் அடையும். இரண்டு வாரத்தை நெருங்கும்போதுதான் மூச்சுத்திறன் குறையத் தொடங்குகிறது. ஏழு நாளுக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆனால் முழுக்கப் படுத்தே கிடந்தால் கிளம்பும் நாள் கால் கல்லாக இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் பைகள் இல்லாமல் மிதியுங்கள். நாங்கள் அப்பாவின் பழைய சைக்கிளையும் பக்கத்து வீட்டுச் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு வீரவநல்லூர் வரை போய்வந்தோம், இரண்டு பக்கமும் வயல். உள்ளங்கை மரத்துப்போவது, விரலில் எறும்பு ஊர்வது போல இருப்பது, இவை ஐந்து நாளிலும் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கைப்பிடியில் எடை அதிகம் விழுந்து நரம்பு அழுந்துவதால் வருவது அது.

அந்த நாட்களில் சைக்கிளை என்ன செய்வது?

வீடு வந்த அன்றைக்கே கழுவுங்கள். மறுநாள் என்று விட்டால் தூசியும் எண்ணெயும் சேர்ந்து இறுகிவிடும். மழைக்காலமாக இருந்தால் திண்ணையில் விடாமல் உள்ளே வையுங்கள்.

செயின்தான் முதலில். பன்னிரண்டு அங்குல ஸ்கேல் ஒன்று போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 24 பின் எண்ணினால், அந்தப் பின்னின் நடு சரியாகப் பன்னிரண்டு அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்றும் காலம். 1/8 ஆகிவிட்டால் பின்னாடி இருக்கும் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் வழுக்கும். என் செயின் 1/16ஐத் தாண்டியிருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முற்றத்து வெளிச்சத்தில் ஸ்கேலை மூன்று தடவை வைத்துப் பார்த்தார். அவர் காலத்தில் செயினைக் கையில் தூக்கிப் பக்கவாட்டில் வளைத்துப் பார்த்துத்தான் தேய்மானம் சொல்வாராம். வளைத்தும் பார்த்தார். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதில் அவருக்கு அவ்வளவு திருப்தி. மாற்றுச் செயின் பையில் இருந்தது, மாட்டினோம்.

இப்போதைய சைக்கிள்களின் பத்து, பதினொன்று வேகச் செயின் கிராமத்துக் கடைகளில் கிடைக்காது. ஒன்று கூடவே வைத்திருங்கள், அல்லது வீட்டு விலாசத்துக்கு முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். நடுவே வீட்டுக்குப் போவதில் இது ஒரு பெரிய வசதி. டயர், பிரேக் கட்டை, மாற்று டியூப் எல்லாம் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

வீட்டில் யாராவது செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாம் என்பார்கள். வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவைத்து, செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு. மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

ஊர்க் கடைக்காரர்களை நம்பி ஒப்படைக்கக் கூடிய வேலையும் உண்டு. ரிம் பெண்டு எடுப்பதில் அவர்களின் விரல் நுட்பத்துக்கு நகரத்துக் கடைகள் பக்கத்தில் வர முடியாது. தளர்ந்த ஸ்போக்கைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறார்கள். டிஸ்க் பிரேக்கில் மட்டும் எண்ணெய்க் கை படாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்று வைத்துக்கொண்டால் பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயிலும் பிடித்துக்கொள்ளலாம்.

எல்லாச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போக வேண்டுமா?

முடியாது. பெரியவர்கள் இருக்கும் இரண்டு வீட்டுக்கு நீங்கள் போங்கள், மற்றவர்களை ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள். நான் அம்பாசமுத்திரத்தில் பெரியம்மா வீட்டுக்கும், கல்லிடைக்குறிச்சியில் அத்தை வீட்டுக்கும் போனேன். அத்தை வீட்டில் அப்பளக் கட்டு கொடுத்தாள். சைக்கிளில் நொறுங்கிவிடும் என்று சொல்லி அம்மாவிடம் விட்டேன்.

பங்குனி உத்திரத்தை ஒட்டி வர முடிந்தால் இன்னும் எளிது. எங்கள் பக்கம் அன்றைக்கு அவரவர் குலதெய்வ சாஸ்தா கோயிலில் குடும்பம் மொத்தமும் கூடிவிடும். வெயில் கடுமையாக இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணியில் குளிக்கலாமா?

அதற்காகவே வரலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பெய்தாலும் அணை திறந்தாலும் ஆறு மணிக்கணக்கில் மாறும். நாங்கள் போனபோது செம்மண் கலங்கலாக ஓடியது. படித்துறையில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டதோடு சரி. ஊர்க்காரர்கள் இறங்கும் படித்துறையிலேயே இறங்குங்கள். உரசல் புண் தோல் மூடாமல் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம்.

எந்தக் காலத்தில் வந்தால் காற்று சாதகம்?

வடக்கிலிருந்து வருபவர்களுக்கு வடகிழக்குப் பருவக்காற்று முதுகில் தள்ளும், மழையைத் தாங்கிக்கொண்டால் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கணவாய் வழியாக வரும் காற்று வேறு மாதிரி. பணகுடியிலிருந்து காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது சும்மா இல்லை. பக்கவாட்டில் அடித்து, பைகள் மாட்டிய சைக்கிளைத் தடுமாறவைக்கும். அந்த மாதங்களில் விடிவதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிடப் பாருங்கள். குற்றாலச் சாரலும் அதே காலம்தான் என்பதால் பலர் அப்போது வருகிறார்கள்.

என் ஊர் பாதையிலிருந்து வெகுதூரம். சைக்கிளை விட்டுவிட்டு ரயிலில் போய்வரலாமா?

வரலாம். தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது. சைக்கிளையும் ஏற்ற வேண்டுமென்றால் பெரிய ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் முன்கூட்டியே கொடுத்து ரசீது வாங்க வேண்டும். ஓரிரு நிமிஷம் நிற்கும் சின்ன ஸ்டேஷன்களில் அது நடக்காது. திரும்பும்போது விட்ட இடத்திலிருந்தே மிதிக்கத் தொடங்குங்கள், பாதை அறுபடாமல் இருக்கும்.

கிளம்பும் காலை எப்படி இருந்தது?

ஐந்து மணிக்கு எழுந்தோம். பைகளை முதல் நாள் ராத்திரியே மாட்டிவைத்திருந்தோம். காலையில் மாட்டினால் ஒவ்வொரு பொட்டலமாக உள்ளே ஏறும். அப்படியும் ஆச்சி ஓலைக் கொழுக்கட்டை ஆறு, வாழைநாரில் கட்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். அப்பா இரண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஆச்சி, "பையப் பாத்துப் போங்க" என்றாள். திரும்பிப் பார்த்தால் தோழிக்குக் கண் கலங்கியிருந்தது.

களக்காட்டில் விடிந்தது. ஏத்தன் வாழைத்தோட்டங்களுக்கு மேலே மலை முழுக்க மேகம். மாமா வரைந்த டீக்கடை அவர் போட்ட இடத்திலேயே இருந்தது. திருக்குறுங்குடி நம்பி கோயில் வாசலில் கொழுக்கட்டையைப் பிரித்துச் சாப்பிட்டோம். ஒன்பது மணி போனை அம்மா எடுக்கவில்லை, அப்பா எடுத்தார். எங்கே இருக்கிறோம் என்று கேட்கவில்லை.

"புதுச் செயின் சத்தம் போடுதா?" என்றார்.

இல்லை என்றேன்.